சனிக்கிழமை செக்கு ஓட்டாதவர்கள்

[காட்சி: மும்பை கேட்வே ஆஃப் இந்தியா, படகுத்துறை]

இங்கே படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து பஸ்ஸில் அலிபாக். படகில் வருபவர்களில் பலர் கடற்கரைக்குப் போவார்கள். நாம் ஊருக்குள் ஒரு தெருவுக்குப் போகிறோம். அதன் பெயர் இஸ்ராயேல் ஆளி. மராத்தியில் ஆளி என்றால் தெரு.

[காட்சி: மாகேன் அவோத் ஜெப ஆலயத்தின் முகப்பு]

இது பெனே இஸ்ரவேல் யூதர்களின் தெரு. 1848இல் கட்டி, 1910இல் புதுப்பித்த ஜெப ஆலயம் இது. ஆனால் அவர்கள் கதை தொடங்குவது பக்கத்து ஊரான நவ்காவ் கரையில். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் அங்கே ஒரு கப்பல் உடைந்தது, ஏழு தம்பதிகள் மட்டுமே பிழைத்தார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. வேதச் சுருள்களும் கடலோடு போய்விட்டன. ஹீப்ருவும் மெல்ல மறந்தது. ‘ஷெமா’ என்ற ஜெபம் மட்டும் வாயில் தங்கியது.

[காட்சி: மாடு பூட்டிய மரச்செக்கு]

கரையேறியவர்களுக்கு எண்ணெய் ஆட்டுவது தொழிலானது. சனிக்கிழமை மட்டும் செக்கு நின்றுவிடும். அது அவர்களின் ஓய்வுநாள். ஊர்க்காரர்கள் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரில்தான் என் மனம் நிற்கிறது. கையில் நூல் இல்லை, சொல்லித்தர குரு இல்லை. நின்றுபோன ஒரு செக்குதான் அவர்கள் யார் என்று ஊருக்குச் சொன்னது.

மீன் கதை ஒன்றும் உண்டு. தாவீது ரஹாபி என்ற வெளியூர் யூதர் வந்து, இவர்கள் யூதர்கள்தானா என்று பார்க்க, பல வகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். செதிலும் துடுப்பும் இல்லாத மீன்களைப் பெண்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்களாம். யூத உணவு விதி அதுதான். எல்லாம் அடுப்படியில் பிழைத்திருக்கிறது.

[காட்சி: அவல் தட்டு]

அடுப்படி என்றதும் மலிதாவைச் சொல்லாமல் போக முடியாது. ஊறவைத்த அவல், வெல்லம் அல்லது சர்க்கரை, தேங்காய்த்துருவல், ஏலக்காய், சுற்றிலும் பழங்கள். கல்யாணமோ, நேர்ந்துகொண்டது நிறைவேறியதோ, எலியா தீர்க்கதரிசியை நினைத்து இந்தத் தட்டை வைப்பார்கள். திராட்சை ரசத்துக்குப் பதில், உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத். இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்பதால் குழம்புக்குத் தேங்காய்ப்பால். கொங்கணத் தென்னை இந்த விதிக்கு எவ்வளவு கைகொடுத்திருக்கிறது பாருங்கள்!

[காட்சி: கொங்கண வரைபடம்]

அப்புறம் குடும்பப் பெயர்கள். கிஹிம் ஊரார் கெஹிம்கர், பேண் ஊரார் பேண்கர், நவ்காவ் ஊரார் நவ்காவ்கர். பம்பாய்க்குப் பிழைக்கப் போனபோதும் ஊர் கூடவே போனது. 1796இல் அங்கே இவர்களின் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டிய சாமுவேல் எசேக்கியேலும் இப்படி ஊர்ப்பெயரைச் சுமந்த ஒரு திவேகர்தான்.

1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள். அங்கே இவர்கள் முழு யூதர்களா என்று மதத் தலைமை கேள்வி எழுப்பியது. இத்தனை காலம் சனிக்கிழமையைக் காத்தவர்களிடம் அப்படிக் கேட்டது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். 1964இல் இஸ்ரேல் அரசு அவர்களை முழு யூதர்களாக ஏற்றது.

[காட்சி: நவ்காவ், தென்னைகளுக்கு நடுவே பழைய கல்லறைத் தோட்டம்]

அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இஸ்ரேலிலிருந்து இங்கே வருகிறார்கள். பெயரிலேயே ஊர் இருக்கிறது, கேட்டுக்கேட்டு வந்துவிடலாம். கப்பல் உடைந்து இறந்தவர்களைப் புதைத்த இடம் இதுதான் என்கிறார்கள்.