சார்ட்டுக்கு முன்னால் வர வேண்டியவை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புராஜெக்ட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, பாடம் முடிந்த பிறகு கொடுக்கும் வேலை. நடத்தியாயிற்று, தேர்வும் வைத்தாயிற்று, இனி ஒரு மாதிரி செய்து எடுத்து வா, சார்ட் ஒட்டி எடுத்து வா என்கிறோம். விடுமுறை நாளின் இரவில் அப்பா கத்தரிக்கோலும் கையுமாக உட்காருகிறார், அம்மா பசை தடவுகிறார். மறுநாள் வகுப்பறைச் சுவர் அழகாகிவிடுகிறது. பிள்ளை அதில் புதிதாக என்ன கற்றது என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

செயல்திட்டவழிக் கற்றல், அதாவது புராஜெக்ட் வழியாகவே கற்பது, இதற்கு நேர் எதிர். அங்கே வேலைதான் பாடம். கற்க வேண்டியதை அந்த வேலைக்குள்ளேயே கற்க வேண்டும். அப்படி நடக்குமா, நடக்காதா என்பது பெரும்பாலும் முதல் நாளுக்கு முன்பே, ஆசிரியரின் திட்டக் குறிப்பேட்டிலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் குறிப்பேட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இது புது மோகம் அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி, கற்பிக்கும் முறைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகப் பள்ளியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1896இல். இன்னொரு அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் புராஜெக்ட் முறை பற்றிக் கட்டுரை எழுதியது 1918இல். எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் ஒரு கட்டுரையில் கடுமையாகவே வாதிட்டார்கள்: துறைக்குப் புதியவரை வழிகாட்டாமல் தேட விட்டால், தேடுவதிலேயே அவருடைய செயல்நினைவு, அதாவது ஒரு நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளும் சிறிய நினைவிடம், நிரம்பிவிடும், கற்க இடம் இருக்காது என்று. இந்தக் கற்றல்முறையை ஆதரிப்பவர்கள் அந்தக் கட்டுரையைக் கண்டால் முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அது நல்ல எச்சரிக்கையாகவே படுகிறது. 'நீங்களே கண்டுபிடியுங்கள்' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தால் நடப்பது அவர்கள் சொன்னதுதான். நேரடியாகக் கற்பிப்பதைச் செயல்திட்டம் ஒழித்துவிடுவதில்லை. எந்த நாளில், எந்தத் தேவைக்காகக் கற்பிக்கிறோம் என்பதைத்தான் மாற்றுகிறது.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். ஏழாம் வகுப்புக் கணிதம். கற்க வேண்டியவை மூன்று: வீதம், சராசரி, அலகு மாற்றம். இந்த மூன்றைத்தான் முதலில் எழுத வேண்டும். 'தண்ணீர் பற்றி ஏதாவது செய்யலாம்' என்று தொடங்கினால் கடைசியில் முழக்க அட்டைகள் கிடைக்கும், கணிதம் கிடைக்காது.

அடுத்து எழுத வேண்டியது கேள்வி என்று நினைப்பீர்கள். அதற்கும் முன்னால், முடிவில் ஒவ்வொரு மாணவரும் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய ஒரு கணக்கை எழுதுங்கள். குழுவோடு சேர்ந்து அல்ல, தனியாக. இரண்டு குழாய்களின் அளவீடுகளைக் கொடுத்து, எதில் ஒரு நாளைக்கு அதிக நீர் வீணாகிறது, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கலாம். இந்தத் தாள் கையில் இருந்தால், இடையில் வரும் ஒவ்வொரு வேலையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலைப்புப் பலகை வரைய ஒரு பாடவேளை வேண்டும் என்று குழு கேட்கும்போது என்ன சொல்வது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு மேல் வகுப்பை இழுத்துச் செல்ல வேண்டியது அதுதான். மூன்று கேள்விகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 'தண்ணீரை ஏன் சேமிக்க வேண்டும்?' விடை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், விசாரிக்க எதுவும் இல்லை. 'சொட்டும் குழாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் போகிறது?' ஓர் எண்ணோடு முடிந்துவிடும், ஒரு பாடவேளை போதும். 'பள்ளியில் சொட்டும் குழாய்களில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?' இந்த மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. அளந்தால் மட்டும் போதாது, ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டதும் ஒரு சிக்கல் எழும். முதல் குழாயில் நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர் சொட்டுகிறது, 24 மணி நேரமும் அதில் நீர் இருக்கிறது. ஒரு நாளைக்கு 14.4 லிட்டர். இரண்டாவதில் நிமிடத்துக்கு 16 மில்லிலிட்டர். ஆனால் அந்தப் பக்கத்து வால்வு ஒரு நாளில் 10 மணி நேரம்தான் திறந்திருக்கும். அப்படியானால் 9.6 லிட்டர். வேகமாகச் சொட்டுவது முதலிடத்துக்கு வரவில்லை. மாணவர்கள் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். வீதம் வேறு, மொத்தம் வேறு என்பது அந்தச் சண்டையில் புரிவதுபோல் கரும்பலகையில் புரிவதில்லை.

கேள்வி தயார் என்றால், மாணவர்களுக்கு முன்னால் ஆசிரியர் ஒருமுறை முழு வேலையையும் செய்து பார்க்க வேண்டும். பலர் தவிர்ப்பது இதைத்தான், பாதிச் செயல்திட்டங்கள் தடுமாறுவதும் இதனால்தான். செய்து பார்த்தால்தான் அளவு உருளை குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே நுழையாது என்பது தெரியும். அகலமான கிண்ணத்தில் பிடித்துப் பிறகு உருளையில் ஊற்ற வேண்டியிருக்கும். 1 மில்லிலிட்டர் கோடுகள் கொண்ட உருளையில் ஒரு நிமிட நீரை, அதாவது 10 மில்லிலிட்டரை, அளக்கும்போது ஒரு கோடு தவறினால் 10 விழுக்காடு பிழை. ஐந்து நிமிடம் பிடித்தால் 50 மில்லிலிட்டர், அதே தவறு 2 விழுக்காடாகக் குறைகிறது. சொட்டுகளை எண்ணிக் கணக்கிடலாமே என்று யாராவது கேட்பார்கள். குழாய் முனையைப் பொறுத்துச் சொட்டின் அளவு மாறும், ஆகவே எண்ணிக்கையை வைத்து இரண்டு குழாய்களை ஒப்பிட முடியாது. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஒரு குழு எண்ணட்டும், இன்னொரு குழு அளக்கட்டும், இரண்டும் முரண்படட்டும். ஆசிரியருக்கு முன்பே தெரிந்த முரண்பாடு பாடமாகும், தெரியாதது குழப்பமாகும்.

அடுத்தது நாட்காட்டி. பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இடம் மாறவும் பொருள்களை எடுக்கவும் திரும்ப வைக்கவும் பத்து நிமிடம் போய்விடும், மீதி முப்பதுதான். இந்தச் செயல்திட்டத்துக்கு 12 பாடவேளை திட்டமிட்டால் 14ஐ ஒதுக்கி வையுங்கள். முதல் பாடவேளையில் விளக்கவுரை வேண்டாம். சொட்டும் குழாயின் முன் எல்லோரையும் நிறுத்தி, எவ்வளவு வீணாகும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து எழுதட்டும். வகுப்புக்குத் திரும்பிக் கேள்வியை எழுதிவிட்டு, 'நமக்கு என்ன தெரியும், என்ன தெரிந்தாக வேண்டும்' என்று இரண்டு பத்திகள் போடுங்கள். இரண்டாவது பத்திதான் உங்கள் பாடக்குறிப்பு. 'மூன்று முறை அளந்தால் மூன்று விடை வருகிறதே, எதை எடுப்பது?' என்று அங்கே ஒரு வரி வந்தால், அன்றுதான் சராசரி நடத்த வேண்டும். 12 அல்லது 15 நிமிடம் நேரடியாக, தெளிவாக, முழு வகுப்புக்கும். எதிர்பார்த்த கேள்வி வரவில்லையா? அந்தத் தேவை எழும்படியான வேலையை அடுத்த நாளுக்குக் கொடுங்கள். பொதுவாக, ஒருமுறை அளந்து வந்த இரு குழுக்களைத் தரவுகளைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னாலே போதும்.

குழுவின் அளவைப் பற்றி நிறையச் சொல்வார்கள். நான் ஆசிரியரின் கடிகாரத்திலிருந்து பார்க்கிறேன். 36 மாணவர்கள், நான்கு பேராக ஒன்பது குழுக்கள். ஒவ்வொன்றோடும் நான்கு நிமிடம் பேசினால் 36 நிமிடம், அன்றைய பாடவேளை தீர்ந்தது. ஆகவே இன்று ஐந்து, நாளை நான்கு என்று பிரித்து, எந்தக் குழுவை எந்த நாளில் பார்ப்பது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் சத்தம் போடும் குழுவிடமே எப்போதும் நிற்போம். அமைதியாகத் தவறாகச் செய்துகொண்டிருக்கும் குழு பத்தாம் நாள்தான் கண்ணில் படும். ஆறு பேராகச் சேர்த்தால் குழுக்கள் குறையும், உண்மைதான், ஆனால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

தலைவர், எழுத்தர், ஓவியர் என்று நிரந்தரப் பதவி கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். ஓவியர் மூன்று வாரமும் வண்ணம் தீட்டுவார், கணக்குப் பக்கமே வரமாட்டார். அளக்கும் நாளில் வேலைகள் நான்கு: நேரம் பார்ப்பவர், கிண்ணம் பிடிப்பவர், உருளையில் படிப்பவர், பதிபவர். குழாய் மாறும்போது வேலையும் மாற வேண்டும். தரவு நால்வருடைய குறிப்பேட்டிலும் இருக்க வேண்டும், ஒருவர் வராத நாளில் குழுவின் தரவெல்லாம் வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது அல்லவா.

மூன்று நிறுத்தங்கள் வையுங்கள். நான்காம் பாடவேளையின் முடிவில் அளவீட்டு அட்டவணை, ஏழாவதில் ஒரு நாளைய மொத்தக் கணக்கு, ஒன்பதாவதில், எந்தக் குழாயை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று குழு எழுதும் பரிந்துரைக் கடிதத்தின் முதல் வரைவு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் ஐந்து நிமிடத் தனித்தாள். அன்று மாலையே பார்த்து மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும்: புரிந்தவர்கள், ஒரு படி தவறியவர்கள், தொடக்கமே பிடிபடாதவர்கள். மில்லிலிட்டரை லிட்டராக மாற்றுவதில் எட்டுப் பேர் தடுமாறுகிறார்கள் என்றால், மறுநாள் மற்றவர்கள் வேலை செய்யும்போது அந்த எட்டுப் பேரை மட்டும் பத்து நிமிடம் அழைத்து உட்கார வைக்கலாம். குழு வேலை தரும் பெரிய வசதியே இதுதான், பெரும்பாலும் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

வரைவு ஏன் ஒன்பதாவதிலேயே வர வேண்டும்? திருத்த நாள் வேண்டுமே. கருத்துச் சொன்ன பிறகு திருத்த நேரம் இல்லை என்றால் அந்தக் கருத்து வெறும் சடங்கு. பத்தாவதில் குழுக்கள் வரைவுகளை மாற்றிக்கொண்டு படிக்கட்டும். 'நன்றாக இருக்கிறது' என்று எழுதத் தடை. 'இந்த எண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை' என்பதுபோல் கடிதத்தின் ஒரு வரியைச் சுட்டித்தான் எழுத வேண்டும். அதற்கு முன்னால் நீங்களே எழுதிய குறையுள்ள ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்து முழு வகுப்பும் ஒருமுறை பழகட்டும். மாணவர் ஒருவருடையதை எடுத்துப் பொதுவில் அலசாதீர்கள். பதினொன்றாவது முழுவதும் திருத்தத்துக்கு.

மதிப்பீட்டு அட்டவணைக்கு, அதாவது ரூப்ரிக்குக்கு, நான்கு வரிசை போதும்: அளவீடு நம்பத்தக்கதா, கணக்கு சரியா, முடிவுக்குத் தரவு சான்றாக நிற்கிறதா, படிப்பவருக்கு விளங்குகிறதா. 'எதிர்பார்த்த நிலை' என்ற பத்தியை முதலில் எழுதுங்கள், மேலும் கீழும் பிறகு. 'மிக நன்று', 'நன்று' என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது. 'ஒவ்வொரு குழாயையும் மூன்று முறை அளந்து சராசரி எடுத்திருக்கிறார்' என்று எழுதினால் மாணவரே தன்னைச் சரிபார்த்துக்கொள்வார். அழகுக்கென்று தனி வரிசை வேண்டாம், அது வந்தால் மற்ற நான்கையும் விழுங்கிவிடும். மதிப்பெண்ணில் குழுவின் கடிதத்துக்கு 30, தனித்தாள்களுக்கும் இறுதித் தனிக் கணக்குக்கும் 70 என்பது என் பரிந்துரை. எல்லோருக்கும் ஒரே குழு மதிப்பெண் கொடுத்தால் உழைத்தவருக்குக் கோபம், உழைக்காதவருக்குப் பரிசு.

கடிதம் யாருக்கு? குழாயைச் சரிசெய்யும் அதிகாரம் உள்ளவருக்கு, தலைமையாசிரியரோ பராமரிப்பைக் கவனிப்பவரோ. அவரிடம் முதல் வாரத்திலேயே நாள் கேட்டு வையுங்கள். வருவதோடு நில்லாமல், கேள்விகளும் கேட்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். ஒன்பது குழுவும் வரிசையாக மேடையேறி எட்டு நிமிடம் பேசினால் 72 நிமிடம், கேள்வி நேரம் தனி. ஐந்தாவது குழுவுக்குப் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. அதற்குப் பதில் குழுவில் இருவர் தங்கள் மேசையில் நிற்கட்டும், இருவர் மற்ற மேசைகளுக்குப் போய்க் கேள்வி கேட்கட்டும், பாதி நேரத்தில் இடம் மாறட்டும். ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். நால்வரும் பேச வேண்டியும் வரும்.

அது பன்னிரண்டாவது. இறுதித் தனிக் கணக்கை ஒதுக்கி வைத்த இரண்டு நாள்களில் ஒன்றில் வையுங்கள், முன்பே எழுதி வைத்த அதே தாள்தான், எண்கள் மட்டும் புதியவை. முதன்முறை முயல்பவர்கள் 12 பாடவேளைக்குப் போக வேண்டாம். இரண்டே குழாய், ஐந்து பாடவேளை, ஒரு நிறுத்தம், ஒரு திருத்தம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். திட்டத் தாளில் ஒவ்வொரு பாடவேளைக்கும் எதிரே ஒரு காலிப் பத்தி விட்டு, உண்மையில் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அன்றன்றே குறித்து வாருங்கள். அடுத்த முறை நாட்காட்டி போடும்போது அந்தப் பத்தியிலிருந்து தொடங்கலாம்.