சூடேறாத இஞ்சின்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம். நம் மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் பட்டறை நடத்துகிறேன். பட்டறையில் நாள் முழுதும் கிரியோல்தான் பேச்சு. இஞ்சின் எண்ணெயை ‘தில்வில்’ என்று சொல்லியே பழகிவிட்டது என் நாக்கு. அதைப் பற்றித் தமிழில் பேச ஒரு வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

சென்ற ஜூலையில் ஓர் ஆசிரியை தம் சிறிய ஜப்பானியக் காரை இழுவை வண்டியில் கொண்டுவந்தார். வீடு காத்ர் போர்னில், பள்ளிக்கூடம் ரோஸ் ஹில்லில். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், அவ்வளவுதான் அந்தக் காரின் ஓட்டம். “இரண்டு வருடத்தில் ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை அண்ணா, அதனால்தான் ஆயில் மாற்றவில்லை” என்றார். இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். உள்ளே உலோகமே தெரியவில்லை. கருப்பட்டிப் பாகு இறுகியதுபோல் கசடு அப்பிக் கிடந்தது.

குறைவாக ஓடிய காரில் எப்படி இவ்வளவு அழுக்கு? இதை நம் தீவில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பங்கு, புகையோடும் எரியாத பெட்ரோலோடும் பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கசிந்து கீழே ஆயில் சட்டிக்குள் இறங்குகிறது. இஞ்சின் நன்றாகச் சூடேறினால் இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முள் காட்டுவது ரேடியேட்டர் நீரின் சூட்டை. ஆயில் முழுச் சூட்டை எட்ட அதற்குப் பிறகும் பத்து நிமிடமாவது ஓட வேண்டும்.

நம் நாடு வடக்கிலிருந்து தெற்குவரை சுமார் 65 கிலோமீட்டர்தான். நம்மில் பலர் வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கோவிலுக்கு என்று ஆயில் சூடேறுவதற்குள்ளேயே வண்டியை நிறுத்திவிடுகிறோம். ஈரம் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு கலந்து, அமிலமாகி, கசடாக இறுகுகிறது. குளிரும் ஈரமும் மிகுந்த கியூர்பிப் பக்கத்துக் கார்களில் ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் ஆடை படிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் அது இஞ்சின் இணைப்பில் நீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டின் கோளாறாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். நீர் குறையவில்லையென்றால் பெரும்பாலும் குறுகிய ஓட்டத்தின் வேலைதான். ஹைப்ரிட் கார்களில் இஞ்சின் நின்று நின்று ஓடுவதால் சூடேற இன்னும் நேரமாகும்.

ஆகவே கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள், நாள்காட்டியையும் பாருங்கள். கார் கம்பெனிகளே கையேட்டில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனியாக ஒரு பட்டியல் தருகின்றன. குறுகிய தூரம் திரும்பத் திரும்ப ஓட்டுவதும் அதில் ஒன்று. மலைப்பாதையில் போனால்தான் கடினம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள் என்றே என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

ஆசிரியையின் கதைக்கு வருகிறேன். அவர் என்னிடம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு வேறோரிடத்தில் இஞ்சினைக் கழுவும் திரவத்தை ஊற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். பழைய ஆயிலோடு அதைக் கலந்து, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, எல்லாவற்றையும் வடித்துவிடுவதுதான் முறை. இலேசான படிவுக்கு அது உதவலாம். இறுகிய கசட்டிலோ அது பாறையைப் பாதி கரைத்துவிட்டுப் போகிறது. உடைந்த துண்டுகள் ஆயில் சட்டியின் அடியிலுள்ள சல்லடையில் போய் அடைந்துகொள்ளும். பம்ப் உறிஞ்சுகிறது, எண்ணெய் வரவில்லை. அவருடைய காரில் அதுதான் நடந்தது. சிவப்பு விளக்கு எரிந்த அந்த நொடியே இஞ்சினை அணைத்துவிட்டு, இழுவை வண்டியை அழைத்திருக்கிறார். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் தேய்ந்து இஞ்சினே போயிருக்கும். எண்ணெய்க் குடம் போன்ற அந்தச் சிவப்பு விளக்குக்கு அவர் கொடுத்த மதிப்பை எல்லோரும் கொடுக்க வேண்டும்.

சட்டியைக் கழற்றி, சல்லடையைக் கையால் கழுவினேன். பிறகு நல்ல ஆயிலும் புதிய ஃபில்டரும் போட்டேன். இரண்டாயிரம் கிலோமீட்டரில் மறுபடி மாற்றினோம். இன்னும் ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது. பல வருட அழுக்கை ஒரே மத்தியானத்தில் எடுக்க முயலக்கூடாது. எண்ணெயிலேயே அழுக்கைக் கரைத்துத் தாங்கும் மருந்து இருக்கிறது, அதற்கு நேரம் கொடுங்கள். புதிய ஆயில் சீக்கிரம் கறுத்துவிட்டது என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். கறுத்தால் அது அழுக்கை ஏந்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டீசலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிக் கழுவும் பழைய வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எவ்வளவு வடித்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கி, புதிய எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்துவிடும்.

இனி, எந்த ஆயில்? டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருக்கும். டபிள்யூ என்றால் குளிர்காலம். அதன் முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னுள்ள எண் நூறு டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு. “நம் நாடு வெயில் நாடு, கெட்டி ஆயில்தான் நல்லது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் ஓட்டிய கார்புரேட்டர் வண்டிகளுக்கு 20டபிள்யூ-50 பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வெயில் எப்படியிருந்தாலும் தெர்மோஸ்டாட் இஞ்சினை ஏறக்குறைய 90 டிகிரியில் நிறுத்திவைக்கிறது. 0டபிள்யூ-20 கேட்டு வடிவமைத்த இஞ்சினில் துவாரங்கள் நுண்ணியவை. வால்வு நேரத்தை மாற்றும் கருவியே எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அங்கே கெட்டி எண்ணெய் ஊற்றினால், காலையில் கிளப்பும்போது அது மேலே ஏறவே தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பது அந்தச் சில நொடிகளில்தான்.

ஜப்பானிலிருந்து வந்த மறுவிற்பனைக் கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது, படிக்க முடியவில்லை என்பார்கள். எண்கள் எல்லா மொழியிலும் எண்கள்தானே? ஆயில் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். சில கார்களில் ஆயில் மூடியிலேயே எண் பொறித்திருக்கும். கூடவே டப்பாவில் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரத்தைப் பாருங்கள். பெட்ரோல் கார்களுக்கு 2020-இல் வந்த எஸ்.பி. என்பது முந்தைய எஸ்.என். தரத்துக்கு மேலானது. டீசல் காரென்றால் கையேடு சொல்லும் தரத்தைவிட்டு விலகாதீர்கள், புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். எண்ணும் தரமும் சரியாக இருந்தால் டப்பாவின் மேல் எந்தக் கம்பெனியின் பெயர் என்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அளவுகோலில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அதிக எண்ணெய் நுரைத்துப்போகும்.

வடித்த எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-இல் வாகாஷியோ கப்பல் பாறையில் மோதி எண்ணெய் கசிந்தபோது, மஹேபூர்க் கரையில் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்தவர்களில் நானும் ஒருவன். கையில் ஒட்டிய அந்த நாற்றம் பல நாள் போகவில்லை. வீட்டில் ஆயில் மாற்றி நான்கு லிட்டரைச் சாக்கடையில் கொட்டினால், அது மழையில் இறங்கிப் போய்ச் சேரும் இடமும் அதே கடல்தான். புதிய ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி, இறுக்கி மூடி, ஆயில் மாற்றித்தரும் ஏதாவது ஒரு பட்டறையில் கொடுங்கள். என்னிடம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன், காசு எதுவும் வேண்டாம்.