குளத்துக்கு ஒரு நோட்டு, கரைக்குக் கொஞ்சம் மண்

(கோவையில் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வாசகர் வட்டப் பொருளாளர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் எனக்கு டீ வராது), முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா நொய்யலின் கதையை அழகாகச் சொல்லிவிட்டார். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, சித்திரைச்சாவடி போன்ற தடுப்பணைகளில் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, ஊரைச் சுற்றியுள்ள குளங்களை நிரப்பிவிட்டுக் காவிரிக்குப் போகிற ஆறு. ஆகவே என் சுமை பாதி குறைந்தது. பொன்னாடை போர்த்திய செயலாளருக்கு நன்றி. அடுத்த ஆண்டு பொன்னாடைக் காசையெல்லாம் சேர்த்து இந்த நூலகத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்கிவிட்டால் இன்னும் பெரிய நன்றி சொல்வேன்.

மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்தேன். நகரத்துக் குளங்களில் பிள்ளைகள் எதைப் பார்க்கலாம். பார்த்ததை எப்படிப் பதிந்து வைக்கலாம். அதற்குப் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்.

முதல் செய்திக்கு நான் தேவையே இல்லை. மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்பார் எங்கள் அப்பத்தா. பிள்ளைகளைக் குளக்கரையில் கொண்டுபோய் விடுங்கள், போதும். நாம் 'ஒரே சாக்கடை' என்று மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவர்கள் நத்தைகுத்தி நாரையையும் நீலத் தாழைக்கோழியையும் கண்டுபிடிப்பார்கள். பாம்பு என்று நாம் அலறினால், அது விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு என்று நமக்கே பாடம் எடுப்பார்கள்.

சென்ற குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பகுதிக் குளக்கரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஒரு முக்குளிப்பான் பறவை. வாத்துக் குஞ்சு அளவுதான் இருக்கும். பொசுக்கென்று முங்கும், எங்கேயோ போய் எழும். எத்தனை எண்ணிக்கைக்கு உள்ளே இருக்கிறது என்று எழுத வேண்டும். 'முங்கிடுச்சு! முங்கிடுச்சு!' என்று ஒரு பையன் கத்துகிறான். மற்றவர்கள் சத்தமாக எண்ணுகிறார்கள். பதினைந்து ஆகிறது, பதினெட்டு ஆகிறது. ஒரு சின்னப் பெண், 'அய்யோ, இன்னும் மேல வரலையே!' என்று அழுகிற குரலில் சொல்கிறாள்.

அந்த நேரம் பார்த்து வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவின் காதில் இது விழுந்தது. அவ்வளவுதான். 'குழந்தை முங்கிருச்சு, ஓடியாங்க!' ஒருவர் செருப்பைக் கழற்றுகிறார். இன்னொருவர் சட்டையைக் கழற்றுகிறார். நீச்சல் தெரியுமா என்று கேட்டால் தெரியாதாம். ஒருவர் போனை எடுத்து 108ஐ அழைக்கிறார். டீக்கடைக்காரர் கயிற்றோடு ஓடி வருகிறார், பாய்லரை அணைத்தாரோ இல்லையோ. 'எங்கே முங்கியது?' என்று கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தைக் கை காட்டுகிறார்கள், ஆளுக்கு ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டே! அதற்குள் கோரைக்கு அந்தப் பக்கம் முக்குளிப்பான் எழுந்து, தலையை உதறி, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் முங்கிவிட்டது. பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'முக்குளிப்பான் 1. மனிதர்கள் 43. மனிதர்கள் சத்தம் போட்டதால் பறவை பயந்துவிட்டது' என்று எழுதியிருந்தது.

சிரிக்கிறீர்கள், சரி. அந்தப் பக்கத்தில் நாள், நேரம், இடம், எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. பதிவுக்கு வேறென்ன வேண்டும்? 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இவ்வளவுதான் கேட்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையெல்லாம் எண்ணி, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று விளக்கப் படம் கொண்டு வந்தேன், புரொஜக்டர் ஒத்துழைக்கவில்லை. போகட்டும்.

இப்போது நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். மாமன்ற உறுப்பினர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் குளத்தின்மேல் அக்கறை உள்ளவர் என்பது எனக்குத் தெரியும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளெல்லாம் மாறின. நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, செல்ஃபி எடுக்க இடம் வந்தது. மக்கள் குளத்தின் பக்கம் திரும்பினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டுங்கள். கல் பதித்த கரையின் பக்கத்தில் காகம், மைனா, மாடப்புறா, நாய். மண் கரையின் பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார்கள்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வெண்மார்பு மீன்கொத்தி மண்சரிவில் வளை குடைந்து முட்டையிடும். கான்கிரீட்டில் எதைக் குடையும்? தாழைக்கோழிக்குக் கூடு வைக்கக் கோரை வேண்டும். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் வளர்ந்து, கொசுப்புழுவைத் தின்று, ஒருநாள் தண்டைப் பிடித்து ஏறித் தோலை உரித்துப் பறக்கும். அந்தக் காலித் தோலைத் தீப்பெட்டியில் சேர்க்கிற பையன் ஒருவன் இங்கேயே முன்வரிசையில் இருக்கிறான். கோரையை வழித்தெடுத்துவிட்டுக் கொசு மருந்துப் புகை அடிப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பத்தா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டாம், ஆனால் குளத்தை விட்டுவைக்க வேண்டும். சிங்காநல்லூர் குளத்தை 2017இல் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த ஊர் இது. அந்த மனசு மற்றக் குளங்களுக்கும் வரட்டும். நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு குளத்திலும் ஒரு பக்கக் கரையை மண்ணாகவே, கோரையோடு விடுங்கள். கரை வேலைக்குத் திட்டம் போடும்போது, அந்தக் குளத்தைப் பார்க்கும் பிள்ளைகளின் நோட்டையும் கோப்பில் வைத்துப் படியுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெரியவர்கள் செய்ய வேண்டியவை பட்டியலில் இன்னும் இருக்கின்றன. கழிவுநீர்ப் பேச்சையே நான் எடுக்கவில்லை. தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும், கரையோடு நிற்க வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது, மண் கரைக்காக. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகள் அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கு மதகுப் பக்கம் வந்துவிடுங்கள். பென்சில் எடுத்து வாருங்கள். நனைந்தால் பேனா மை ஓடிவிடும். வணக்கம்.