அம்மாவுக்கு மூன்று மணி நேரம்: வளர்ந்த பிள்ளையை மாற்று ஆளிடம் விடுவது எப்படி

[திரையில்: செம்பனை வரிசைகளுக்கு நடுவே மண் சாலை. பள்ளி வேன் ஒன்று நிற்காமல் கடந்து போகிறது.]

மலேசியாவில் அரசாங்க இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை 19 வயது வரை படிக்கலாம். அதோடு வேன் நின்றுவிடும். காலையிலிருந்து மதியம் வரை பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்ட நேரம் மொத்தமும் வீட்டுக்குத் திரும்பி வரும். சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் அது பெரும்பாலும் ஒரே ஆள் தலையில்தான் விழும். அம்மா ஆலை வேலையை விடுவார். பிறகு கோயிலுக்குப் போவதை விடுவார். கடைசியில் தன் இனிப்புநீர் மருந்துக்குக் கிளினிக் போவதையும் தள்ளிப்போடுவார்.

இடைஓய்வுப் பராமரிப்பு இதற்காகத்தான். கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள இளைஞரைத் தினமும் பார்த்துக்கொள்கிறவருக்கு முன்கூட்டியே திட்டமிட்ட ஓய்வு. அந்த நேரத்தில் பிள்ளை, தனக்குப் பழக்கமான வேறொருவரிடம் இருப்பார். இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், இரண்டு இரவாகவும் இருக்கலாம். தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. பால்மரம் வெட்டப் போன தாய்மார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். கைக்குழந்தைக்கு இருந்த அந்த ஏற்பாடு 22 வயதுப் பிள்ளைக்கு இல்லை. அதை நாமே உருவாக்க வேண்டியிருக்கிறது.

[திரையில்: ஒரு துணிப்பை, வாசலில் செருப்பு.]

பெரும்பாலான குடும்பங்கள் இதை அவசரத்தில் ஆரம்பிக்கின்றன. அம்மாவுக்கு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை; அன்று காலைதான் மகன் துணிப்பையோடு சித்தி வீட்டுக்குப் போகிறான். அவன் சாப்பிடமாட்டான், தூங்கமாட்டான், இரண்டாம் நாள் எதையாவது உடைப்பான். உடனே, "இவனை யாரிடமும் விட முடியாது" என்று வீடே முடிவு கட்டிவிடும். அந்த முடிவு தவறு. என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனை எப்படிப் புரிந்துகொள்வது என்று சித்திக்கும் யாரும் சொல்லவில்லை. இருபது வருட விவரம் அம்மாவின் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது. அதை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையில் பாதி.

எடுத்து ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டாம் பக்கம் போனால் யாரும் படிக்கமாட்டார்கள். "நல்ல பிள்ளை, கொஞ்சம் பிடிவாதம்" என்று எழுதினால் பயனில்லை. "மைலோ பச்சை மக்கில் மட்டும் குடிப்பான், கண்ணாடி கிளாஸில் கொடுத்தால் தள்ளிவிடுவான்" என்று எழுதினால் ஒரு சண்டை தவிரும். "ஆமாம்", "வேண்டாம்" என்பதை எப்படிக் காட்டுவார்? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் என்ன செய்வார்? எந்தச் சத்தம் ஆகாது? உறுமி மேளமா, மிக்ஸியா, மோட்டார் சைக்கிளா? கோபம் ஏறும் முன் உடம்பு என்ன காட்டும்? காதைப் பொத்துவதா, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வதா? அந்த நேரத்தில் எது அடக்கும்?

வலி வந்தால் எப்படித் தெரியும் என்ற வரியை எல்லோரும் மறக்கிறார்கள். பேச்சு இல்லாத ஒருவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால், "அது அவன் குணம்" என்று விட்டுவிடாதீர்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

[திரையில்: சுவரில் குதிரைக் காலண்டர். ஒரு கட்டத்தில் அத்தையின் படம் ஒட்டியிருக்கிறது.]

அடுத்தது பழக்கம். முதல் தடவை, பார்த்துக்கொள்ளப்போகிற அத்தை உங்கள் வீட்டுக்கு வரட்டும். அரை மணி நேரம், அம்மா பக்கத்திலேயே இருக்க, அத்தை அவனுக்குப் பிடித்த ஒன்றைச் சேர்ந்து செய்யட்டும். இரண்டாம் தடவை அம்மா பின்கட்டுச் சமையலறையில் இருக்கலாம். மூன்றாம் தடவை கடைத்தெரு வரை போய் அரை மணியில் திரும்பலாம். பிறகு இரண்டு மணி நேரம். அது இரண்டு மூன்று முறை சிக்கலில்லாமல் போன பிறகுதான் அத்தை வீடு. ராத்தங்கல் கடைசி. சிலருக்கு இது ஆறு வாரத்தில் முடியும், சிலருக்கு ஆறு மாதம். நடுவில் ஒரு நாள் கெட்டுப்போனால் ஒரு படி மட்டும் பின்னால் போங்கள், முழுவதையும் நிறுத்தாதீர்கள்.

அவன் பார்க்காத நேரத்தில் பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். அழுகை தவிரும் என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் அடுத்த முறை அவன் உங்களைக் கழிப்பறைக்குக்கூடத் தனியாக விடமாட்டான். சொல்லிவிட்டுப் போங்கள், படத்தோடு: முதலில் அத்தை, அடுத்து பசியாறுதல், பிறகு டிவி, கடைசிப் படம் அம்மா. பன்னிரண்டு மணி என்று காட்டினால் பன்னிரண்டுக்கு வாசலில் நில்லுங்கள். நடுவில் பத்துத் தடவை போன் அடிக்க வேண்டாம்; உங்கள் குரல் கேட்டால் நீங்கள் வரவில்லை என்பதுதான் அவனுக்குத் தெரியும்.

மருந்தில் அலட்சியம் வேண்டாம். அசல் பொட்டலத்தோடு, நேரம் எழுதி, இன்னும் ஒரு நாளைக்கான மருந்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவரிடம் கொடுங்கள். கற்றல் குறைபாடு உள்ளவர்களிடம் வலிப்பு அதிகம், ஒரு வேளை மாத்திரை தவறினாலே வலிப்பு வரலாம். வந்தால் கையில் இரும்புச் சாவி திணிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. சுற்றியிருக்கும் பொருள்களை விலக்கி, தலைக்கடியில் துணி வைத்து, முடிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 999. இன்னொன்று: தூங்கவைக்க இருமல் மருந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

வெளியே நடந்து போய்விடும் பழக்கம் இருந்தால் அதைத் தாளின் மேலேயே எழுதுங்கள். செம்பனைக்குள் எல்லா வரிசையும் ஒன்று போலத்தான் இருக்கும். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள்: ஆறு, குளம், ஆலைக் குட்டை. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு உண்டு. ஒவ்வொரு முறை விடும்போதும் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துவையுங்கள்.

குளிப்பாட்டல், மாதவிடாய்த் துணி மாற்றுதல் போன்றவற்றுக்கு அதே பாலினத்தவர் வேண்டும். அந்த வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். உறவு என்பதற்காகக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். திரும்பி வந்தபின் அந்த ஆளைப் பார்த்துப் பயம், புதுக் காயம், படுக்கையில் சிறுநீர் என்று ஏதாவது கண்டால் அங்கே மறுபடி விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

[திரையில்: மூன்று வீடுகள், மூன்று சனிக்கிழமைகள்.]

ஆள் எங்கே கிடைக்கும்? மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் போதும். சனிக்கிழமை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை முறை வைத்து ஒரு வீட்டில், எப்போதும் இரண்டு பெரியவர்களோடு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று சனிக்கிழமையில் இரண்டு கிடைக்கும். சத்தம் போடுகிறவரையும் சத்தம் தாங்காதவரையும் மட்டும் ஒரே அறையில் சேர்க்காதீர்கள். இது வளர்ந்தால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். நான்கு பேர் அல்லது அதற்கு மேல், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளாவது பார்த்துக்கொண்டால் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும்.

வார நாள்களுக்கு பிடிகே இருக்கிறது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம் இது. பெயருக்குப் பயிற்சி மையம், ஆனால் பிள்ளை அங்கே இருக்கும் நேரம் அம்மாவுக்கு ஓய்வுதான். வயது கடந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் நேரில் போய்க் கேளுங்கள். ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். ஆட்டிசமும் டவுன் சிண்ட்ரோமும் "கற்றல் குறைபாடு" பிரிவில் வரும். மருத்துவர் உறுதிப்படுத்திய படிவத்தோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போங்கள். சுங்கை சிப்புட் மக்களுக்கு மாவட்டம் கோலகங்சார்.

பார்த்துக்கொள்கிறவருக்குப் பணம் கொடுப்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். "நம்ம அத்தைதானே" என்று விட்டால் மூன்றாம் மாதம் அத்தைக்கு முடியாமல் போகும்.

அழைத்துப்போக வரும்போது வாசலில் நின்று நான்கு விஷயம் கேளுங்கள்: என்ன சாப்பிட்டான், கழிப்பறை போனானா, மருந்து எத்தனை மணிக்கு, எப்போது சிரித்தான். அதைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அடுத்த தேதியை அவன் கண் முன்னாலேயே காலண்டரில் குறித்துவிட்டுக் காடியில் ஏறுங்கள்.