வளவுப் பேய்க்கு ஒரு வைப்பர் மோட்டர்

வணக்கம் நேயர்களே. ஒக்டோபர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் வீட்டுக்கு வீடு எலும்புக்கூடும் கல்லறைப் பலகையும் முளைத்துவிடும். ஹலோவீன் இரவில் பிள்ளைகள் அதையெல்லாம் கடந்து நேரே மிட்டாய்க் கிண்ணத்துக்குத்தான் போவார்கள். அசையாத பேயை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அசைய வைக்க ஒரு மோட்டர் போதும். பழையதே போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் மெதுவாக அசைய வேண்டும். விறுக்கு விறுக்கென்று ஆடினால் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவுக்கும் பலத்துக்கும் கார் வைப்பர் மோட்டரை விஞ்ச ஒன்றுமில்லை. ஈரப் பனியைத் தள்ளுவதற்கென்றே செய்தது அது. கார் உடைக்கிற யார்டில் நீங்களே கழற்றினால் மலிவு. 12 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 45 சுற்று, வேகத்துக்கென்று இருக்கிற தனி வயரில் 65 அளவில் சுற்றும். பேய்க்கு 45 சுற்றே அதிகம். அதனால் 12 வோல்ட் கொடுக்காதீர்கள், 5 வோல்ட் கொடுங்கள். வேகம் 15, 20 சுற்றுக்கு இறங்கிவிடும், பல்சக்கரத்தின் இரைச்சலும் அடங்கிவிடும். இந்த 5 வோல்ட்டுக்குப் பழைய கணினியின் பவர் சப்ளை இருக்கிறது. சிவப்பு வயர் 5 வோல்ட், மஞ்சள் 12, கறுப்பு நெகட்டிவ். பெரிய பிளக்கில் உள்ள ஒரேயொரு பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால்தான் அது உயிர் பெறும். ஃபோன் சார்ஜர் போதாதா என்று கேட்பீர்கள். ஓடத் தொடங்கும்போது மோட்டர் இழுக்கிற கரண்டைப் பல சார்ஜர்கள் தாங்காது, நின்றுவிடும்.

மோட்டரில் மூன்று, நான்கு வயர் வரும். எந்த நிறம் எது என்பது காருக்குக் கார் மாறும். பெரும்பாலான மோட்டர்களில் இரும்பு உடம்புதான் நெகட்டிவ். நெகட்டிவை உடம்பில் வைத்து, பொசிட்டிவால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் மெதுவாக ஓடும், இன்னொன்றில் வேகமாக. மெதுவான வயரை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு நெகட்டிவ் என்பதை மறக்கக்கூடாது. திசை மாற்றுவதற்காக இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் உடம்பு பொசிட்டிவ் ஆகிவிடும். அதே இரும்புச் சட்டத்தில் இரண்டாவது மோட்டரும் பூட்டியிருந்தால் நேரே ஷோர்ட்தான். எப்போதும் மரப் பலகையில் பூட்டுங்கள்.

சரி, எதை அசைப்பது? தொடங்குகிறவர்களுக்குப் பானை கிண்டும் சூனியக்காரி நல்லது. பானைக்கு அடியில் மோட்டர், தண்டு மேல்நோக்கி. தண்டில் ஒரு தட்டை இரும்புத் துண்டு, அதில் மூன்று அங்குலத் தூரத்தில் துளை. அந்தத் துளையில் கிண்டும் தடியின் அடி நிற்கும். மூன்று அங்குலத் துளை தடியின் அடியை ஆறு அங்குல அகல வட்டத்தில் சுற்ற வைக்கும். இன்னும் பெரிதாகச் சுற்றட்டும் என்று துளையைத் தள்ளித் தள்ளிப் போட்டால், துளையில் கிடைக்கிற தள்ளுபலம் அந்த அளவுக்குக் குறையும். மூன்று அங்குலத்தோடு நில்லுங்கள். சூனியக்காரியின் உடம்புக்கு அரை அங்குல பிவிசி குழாய், இரண்டு கையும் தடியில் கட்டியிருக்கும். தடி சுற்றும்போது கை இழுபட்டு, தோள் சாய்ந்து, தலையும் கூடவே ஆடும். ஒரு மோட்டர் முழு உடம்பையும் ஆட்டிவிடுகிறது பாருங்கள்!

இதில் அநேகமாக எல்லாரும் தவறுகிற இடம் கைக்கட்டு. உறுதியாக இருக்கட்டும் என்று முறுக்கிக் கட்டிவிடுவார்கள், தோளிலும் போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். பிறகு தடி ஒரு பக்கம் போகும்போது கை எட்டாது, எல்லாம் இறுகி மோட்டர் நின்றுவிடும். நின்ற மோட்டர் இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. கணினிச் சப்ளையும் தயங்காமல் கொடுக்கும். வயர் சூடேறி உருகும். ஆகவே பொசிட்டிவ் வயரில் 5 அம்பியர் ஃபியூஸ் கட்டாயம். மூட்டுக்களைத் தொளதொளவென்று விடுங்கள். தடியை மோட்டரில் பூட்டுமுன் கையாலேயே அதை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது தடக்கினால் அந்த இடத்தில்தான் மோட்டரும் நிற்கும். இன்னொன்று, மூட்டுப் போல்ட்டுகளுக்குச் சாதாரண நட்டுப் போட்டால் ஆடி ஆடி ஒரே இரவில் கழன்றுவிடும். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டுப் போடுங்கள்.

பின்கண்ணாடி வைப்பர் மோட்டர் என்று ஒன்றிருக்கிறது. பல கார்களில் அது முழுதாகச் சுற்றாமல் இப்படியும் அப்படியும் தானே திரும்பும். அதன் மேல் ஒரு மண்டையோட்டை வைத்தால் தெருவை இடமும் வலமும் பார்க்கும், வேறு வேலையே இல்லை. மெதுவாக, அதே 5 வோல்ட்டில்தான்.

அடுத்தது பறக்கும் பேய். மேலே மூன்று கப்பி, தலைக்கும் இரு கைக்கும் ஒவ்வொரு மீன்பிடி நூல், மூன்று நூலும் மோட்டர் தண்டில் பூட்டிய ஒரே இரும்புத் துண்டில் முடியும். பொம்மலாட்டக்காரரின் விரல் வேலையை அந்தத் துண்டு செய்யும். நூல் முடிகிற இடத்தில் மீன்பிடிச் சுழலி, அதாவது தூண்டில் நூல் முறுக்காமல் தானே திரும்பும் சின்ன இணைப்பு, ஒன்று போடாவிட்டால் மூன்று நூலும் முறுக்கிக்கொள்ளும். இதற்கு 15 சுற்றுக்கூட அதிக வேகம்தான். அதற்கும் குறைவாக ஓடுகிற மோட்டர் கிடைத்தால்...

ஒலிப்பதிவுத் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். நுண்ணலை அடுப்புத் தட்டைச் சுற்றும் மோட்டரைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, எந்தத் திசையில் தொடங்கும் என்பது அதன் இஷ்டம், தொங்கும் வௌவாலைச் சுற்றப் போதும், பாரம் தூக்காது. புதிதாகவே வாங்குங்கள். பழைய அடுப்பைத் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கிற கொள்ளளவி உயிரை எடுக்கும்.

மழைக்கு, மோட்டரின் மேல் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவைக் கவிழ்த்து விடுங்கள், அடைத்து ஒட்டவேண்டாம், உள்ளே வியர்க்கும். பவர் சப்ளையை வீட்டுக்குள்ளே வைத்து 5 வோல்ட்டைத் தடித்த வயரில் வெளியே கொண்டுவாருங்கள். மெல்லிய வயரில் பாதி வோல்ட் வழியிலேயே போய்விடும். முடியாவிட்டால், சப்ளையை நிலக்கசிவுப் பாதுகாப்புள்ள, அதாவது மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கிற, வெளிப் பிளக்கில் மட்டும் போடுங்கள். வயரை நடைபாதைக்குக் குறுக்கே விடாதீர்கள், முகமூடி போட்ட பிள்ளைக்குக் காலடி தெரியாது. நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.