ஒரு உயிருக்கு 2 லட்சம் டாலர்: தீர்ப்பையே மாற்றிய ஒற்றை எண்

வணக்கம் நண்பர்களே! வண்டிக்கு 11 டாலர் செலவழித்தால் தீ விபத்தில் சிலர் சாகாமல் காப்பாற்றலாம். செலவழிக்கலாமா, வேண்டாமா? 1973-இல் ஃபோர்டு நிறுவனத்தில் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். எஞ்சினியரிங் படிக்கும் ஒவ்வொருவரும் இதைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். டிசைன் ப்ராஜெக்டில் இரண்டு மூன்று யோசனைகளை வைத்துக்கொண்டு விலை, எடை, பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எது எவ்வளவு முக்கியம் என்று வெயிட்டேஜ் கொடுத்து மார்க் போடுவோம். அதிக மார்க் வாங்கியது ஜெயிக்கும். அவ்வளவுதான்.

சரி, ஃபோர்டு கணக்குக்கு வருவோம். வண்டி கவிழும்போது பெட்ரோல் கசியாமல் தடுக்க ஒரு மாற்றம். 11 டாலர் வீதம், கார்களும் சிறிய டிரக்குகளும் சேர்த்து 1.25 கோடி வண்டிகள். ஏறக்குறைய 13.7 கோடி டாலர் செலவு.

நன்மைப் பக்கம் என்ன? தவிர்க்கக்கூடிய மரணங்கள் 180, தலா 2 லட்சம் டாலர். கடும் தீக்காயங்கள் 180, தலா 67,000. எரிந்துபோகும் வண்டிகள் 2,100, தலா 700. மொத்தம் 4.95 கோடி டாலர்தான். ஆக, "வேண்டாம்" என்கிறது அட்டவணை.

ஃபோர்டின் பின்டோ என்ற சிறிய காரைப் பின்னாலிருந்து இடிக்கும் விபத்துக்கான கணக்கு இது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. வண்டி கவிழ்வது பற்றி வரவிருந்த ஒரு அரசு விதியை எதிர்த்துப் போட்ட கணக்கு இது. அந்த 2 லட்சம்கூட அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை சொன்ன மதிப்புதான்.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மற்ற எதையும் தொடாதீர்கள். 2 லட்சத்தை மட்டும் 7 லட்சமாக்குங்கள். மரணங்களுக்கு மட்டும் 12.6 கோடி, மற்றதையும் கூட்டினால் 13.9 கோடியைத் தாண்டும். தீர்ப்பு தலைகீழ்! 2023-க்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஒரு உயிருக்கு வைத்த மதிப்பு 1.32 கோடி டாலர். அரை நூற்றாண்டு விலைவாசி உயர்வைக் கழித்தாலும் அது அந்த 7 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

அதனால் மார்க் போட்டதும் அட்டவணையை மூடிவிடாதீர்கள். விலைக்கு 40, பாதுகாப்புக்கு 30 என்று வைத்திருந்தால் இரண்டையும் 35 ஆக்கிப் பாருங்கள். ஜெயித்த டிசைன் தோற்றுப்போகிறதா? அப்படியானால் அங்கே முடிவெடுத்தது உங்கள் வெயிட்டேஜ். அது எங்கிருந்து வந்தது என்று ரிவியூவில் கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், செலவு யார் பையிலிருந்து போகிறது, ஆபத்து யார் தலையில் விழுகிறது என்றும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். இதற்கு மார்க் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள் ப்ராஜெக்டில் முடிவைப் புரட்டிப்போடும் அந்த ஒரு எண் எது? கண்டுபிடித்து கமென்ட்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் சிலவற்றைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.