சிவப்பே வேண்டாம்: நீலமும் வெள்ளையுமாக வீட்டிலேயே ஒரு காதல் மாலை

வணக்கம் மக்களே! பிப்ரவரி பிறந்தாலே கடைத்தெரு முழுக்கச் சிவப்புதான். சிவப்பு பலூன், இதயம் போட்ட சிவப்புத் தலையணை, சிவப்பு கிரீம் தடவிய கேக். எனக்கு அதன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் நம்ம வீட்டு ஹாலில் அதையெல்லாம் கட்டித் தொங்கவிட்டால் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் கொண்டாடும் வீடு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் இன்றைக்கு நீலமும் வெள்ளையும் மட்டும். குடிக்கிறது, இனிப்பு, பூ எல்லாமே இந்த இரண்டு நிறத்துக்குள் அடங்கணும். காதலர் தினமோ கல்யாண நாளோ, நிறத்தை முதலில் முடிவு செய்துவிட்டால் கடையில் கண்ணில் படுவதையெல்லாம் கூடையில் போடத் தோன்றாது. பர்ஸுக்கு அது பெரிய நிம்மதி.

இதோ, கையில் இருப்பது சங்குப்பூ. வேலி ஓரமெல்லாம் படர்ந்து கிடக்குமே, அதேதான். காய்ந்த பூ நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். பறித்த பூ என்றால் அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளி எடுத்துவிட்டு, நன்றாக அலசிக்கொள்ளுங்கள். 200 மில்லி கொதித்த தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பூ போட்டு, 5 நிமிஷம் மூடி வைத்தேன். வடிகட்டிவிட்டேன். நிறத்தைப் பாருங்கள், பேனா மை தோற்றுவிடும்! முழுசாக ஆறட்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சங்குப்பூவுக்கென்று பெரிதாக ருசி கிடையாது. லேசான பச்சை வாசனை, அவ்வளவுதான். ருசிக்கு நாம்தான் வேறு ஏதாவது சேர்க்கணும். நான் சேர்ப்பது இளநீர். கிளாஸில் வாய் வரைக்கும் ஐஸ், முக்கால் பாகம் இளநீர், கூடவே வழுக்கையைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டிருக்கிறேன். இப்போது ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின்மேல் நீலத்தை மெதுவாக ஊற்றுகிறேன். அவசரப்பட்டால் கலந்துவிடும். ஆ, வந்துவிட்டது... கீழே தெளிந்த இளநீர், மேலே நீலம்.

கிளாஸை இப்படியே அவரிடம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு வையுங்கள். அவர் கையாலேயே ஊற்றட்டும். சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. புளிப்புப் பட்டால் அது நீலத்தை விட்டு ஊதாவுக்குப் போகும். சாறு கூடக்கூட ஊதா இளஞ்சிவப்பாகும். இங்கே பாருங்கள், சாறு விழுந்த இடத்திலிருந்து ஊதா கோடு கோடாக இறங்குகிறது. இதற்காகத்தான் இத்தனை பாடும்! கேண்டில் வெளிச்சத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் முழிக்கிற ஜோடிகளுக்கு இது ரொம்ப உதவும்.

மது அருந்துகிறவர்கள் வீட்டிலும் இதே நீலம் வேலை செய்யும். தமிழ்நாட்டில் அதற்கு 21 வயது நிறைந்திருக்கணும், அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகணும். ஐஸ் போட்ட உயரமான கிளாஸில் முதலில் 100 மில்லி டானிக் வாட்டர். 45 மில்லி ஜின்னைச் சங்குப்பூத் தண்ணீரோடு கலந்து, அதே ஸ்பூன் வித்தையில் மேலே ஊற்றணும். டானிக்கில் சர்க்கரை இருப்பதால் அது கனமாகக் கீழே நிற்கும். அதிலேயே புளிப்பும் இருப்பதால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் எலுமிச்சை இல்லாமலே ஊதா வந்துவிடும். ஜின்னில் சங்குப்பூ போடுவது ஒன்றும் புதுசு இல்லை. கனடாவில் எம்ப்ரஸ் 1908 என்று ஒரு ஜின் இந்தப் பூவின் நீலத்தோடேயே பாட்டிலில் வருகிறது. குடித்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டாம், வீட்டில்தானே இருக்கிறீர்கள். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு ஜின் கூடவே கூடாது. சங்குப்பூவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வெறும் இளநீரே போதும், அதுவும் நம்ம நிறத்துக்குள்தான் வருகிறது.

அடுத்து இனிப்பு. நேரம் இல்லாதவர்கள் தூத்துக்குடி மக்ரூன் வாங்கிவிடுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். வெள்ளையாக, கூம்பாக, வாயில் போட்டதும் பொடிந்துவிடும். ஆனால் காற்றுப் பட்டால் நமுத்துப்போகும், தட்டில் கடைசி நிமிஷத்தில்தான் எடுத்து வைக்கணும். முட்டை சேராத வீடு என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பால்கோவாவை யாராவது வேண்டாம் என்பார்களா?

செய்கிற ஆசை இருந்தால் கடல்பாசி, அதாவது அகர் அகர் போட்டு உறைய வைக்கிற இனிப்பு, செய்யலாம். ரம்ஜானுக்கு நிறைய வீடுகளில் செய்வார்களே, அதுதான். ஜெலட்டினை விட எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் நம்ம ஊர் வெயில். கடல்பாசி ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும், உறைந்தபின் 85 டிகிரி வரைக்கும் உருகாது. மேஜையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் அப்படியே நிற்கும்.

10 கிராம் பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியை 200 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, இழை தெரியாமல் கரைகிற வரை கொதிக்க விடணும். சர்க்கரை போட்டு, அடுப்பை அணைத்தபிறகு 100 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால். கூட வைத்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். தட்டில் ஊற்றியாச்சு. இன்னொரு பாதியை 300 மில்லி தண்ணீரில் இதே மாதிரி சர்க்கரையோடு கரைத்து, இறக்கியதும் சங்குப்பூவைப் போட்டு, சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள். இப்போதுதான் கவனம் வேண்டும். வெள்ளையைத் தொட்டுப் பாருங்கள், மேலே ஆடை கட்டியிருக்கணும், விரலில் லேசாக ஒட்டவும் செய்யணும். அந்தப் பதத்தில்தான் நீலத்தை ஊற்றணும். வெள்ளை முழுசாக இறுகிவிட்டால் இரண்டும் ஒட்டாது, வெட்டும்போது வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வந்துவிடும்.

துண்டு போட்டபின் ஒரு சின்ன விளையாட்டு. பல்குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தொட்டு, நீலத்தின்மேல் அவர் பெயரின் முதல் எழுத்தை எழுதுங்கள். ஊதாவாக எழுத்து வரும்! எழுதியதும் நீட்டிவிடணும், நேரமானால் சாறு பரவி எழுத்து கலங்கிவிடும். பெயர் 'ஸ்ரீ' என்று ஆரம்பித்தால்... உங்கள் பாடு.

பூவுக்கு வருவோம். பிப்ரவரியில் ரோஜா விலை எல்லோருக்கும் தெரியும். ஓசூர்ப் பக்கத்து ரோஜா காதலர் தினத்துக்கென்றே வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. மல்லிகையும் குளிர்காலத்தில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரங்களில் நிற்கும். அதனால் என் ஓட்டு சம்பங்கிக்கு. தண்டோடு ஒரு கட்டு வாங்குங்கள். வெள்ளை, விலையும் கையைக் கடிக்காது. வாசனை இருட்டியபிறகுதான் தூக்கலாக வரும், சரியாக நம்ம நேரத்துக்கு! தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் முங்குகிற இலையை எல்லாம் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நாறிவிடும். மல்லிகை ஒரே ஒரு முழம், தலைக்கு மட்டும். மத்தியானம் மொட்டாக வாங்கினால் சாயங்காலம் தானாக விரியும்.

ஒன்று முக்கியம். கடைப் பூவைக் கிளாஸில் மிதக்க விடாதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். அழகாக இருக்கிறதே என்று அரளியையும் செங்காந்தளையும் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைக்காதீர்கள். செங்காந்தள் நம்ம மாநில மலர்தான், ஆனால் செடி முழுக்க விஷம்.

கடைசியாக வெளிச்சம். மஞ்சள் பல்பிலும் கேண்டிலிலும் நீலம் எடுபடாது, கறுப்பாகத் தெரியும். இதோ, லைட்டை அணைத்துக் காட்டுகிறேன்... பார்த்தீர்களா? ஏதோ கஷாயம் மாதிரி. இப்போது கிளாஸுக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளை எல்இடி விளக்கு. அப்படியே ஜொலிக்கிறது! முகத்துக்குக் கேண்டில், கிளாஸுக்கு வெள்ளை விளக்கு. மேஜை விரிப்பும் வெள்ளை என்றால் இன்னும் எடுப்பு. புது விரிப்பு தேட வேண்டாம், இவருடைய எட்டு முழ வேட்டியைத்தான் விரித்திருக்கிறேன். கரை மட்டும் நீலம்.

மிஞ்சிய சங்குப்பூத் தண்ணீரை ஐஸ் டிரேயில் ஊற்றி வைத்துவிடுங்கள், நாளைக்கு லெமன் ஜூஸில் போடலாம். சரி மக்களே, இவர் ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டதாக மெசேஜ் வந்துவிட்டது. நான் கேமராவை ஒளித்து வைக்கணும். பை!